ஒற்றை இழையில் எரிந்த விளக்கு

பாய்மரத்துக்குள் ஒயர் மாற்றுகிறவர்கள் முதல் தடவை எல்லாரும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள். பழைய ஒயரை உருவி எறிந்துவிட்டு, புதிய ஒயரை அந்த நீளக் குழாய்க்குள் எப்படி நுழைப்பது என்று தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள். பழையதின் வாலில் புதியதைக் கட்டி, மறுமுனையிலிருந்து நிதானமாக இழுத்தால் போதும். பழையது வெளியே வரும்போது புதியது தானாக உள்ளே போயிருக்கும். பெரிய வித்தை ஒன்றும் இல்லை, கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்றால், மேடம், உங்கள் விசாரணை அறிக்கையில் "விளக்கு இணைப்பு கவனக்குறைவாகச் செய்யப்பட்டிருந்தது" என்று ஒரு வரி இருக்கிறது. என் தம்பி மனைவிக்குக் கொடுத்த நகலை அவள் சாப்பாட்டு மேஜையில் வைத்திருந்தாள். மற்றதெல்லாம் சரியாகவே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிதான் எனக்கு உறுத்தியது. என் வேலையை மெதுவான வேலை என்பார்கள், கூலி அதிகம் என்பார்கள், மூஞ்சியில் சிரிப்பே இல்லை என்பார்கள். கவனக்குறைவு என்று இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை. அதைத் திருத்தச் சொல்லத்தான் நானாக வந்தேன். நீங்கள் குடிக்கத் தண்ணீரும் எழுதக் காகிதமும் கொடுத்து, நடந்ததை உங்கள் கையாலேயே எழுதுங்கள் என்றீர்கள். என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

துறைக்கு இறங்கும் தெருவில் இருக்கிற மோட்டார் கடை எங்களுடையது. அப்பா வைத்த கடை. பம்பு மோட்டாருக்குக் காயில் கட்டுவோம், விசிறி பழுது பார்ப்போம், படகுகளுக்கு ஒயரிங் செய்வோம். அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில், ஒருவர் பின்னால் ஒருவராகப் போய்விட்டார்கள். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. தம்பிக்கு ஆறு. அவன் பிறந்தபோது ஒரு கைக்குள் அடங்குவான், அதனால் சுண்டு என்று கூப்பிட்டோம். பின்னால் கடை ஷட்டருக்குக் குனிந்து வருகிற அளவுக்கு வளர்ந்துவிட்டான். பெயர் மட்டும் வளரவே இல்லை. துறையில் எல்லாருக்கும் அவன் சுண்டுதான்.

அம்மா இறந்த வாரத்தில் ஒரு நாள் கரண்ட் போயிற்று. சுண்டு பயந்து அலறினான். நான் தட்டுத்தடுமாறிப் போய் அவனைத் தூக்கினேன். கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. அதுவரை அவன் அம்மா பிள்ளை, என்னிடம் அவ்வளவாக ஒட்டமாட்டான். மறுநாளே அவன் கட்டிலுக்கு மேலே நீல நிற ஜீரோ வாட்ஸ் பல்பு ஒன்று போட்டேன். கரண்ட் போனாலும் அது அணையாதபடி பழைய பேட்டரி ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தேன். அந்த பல்பு கடைசிவரை எரிந்தது. கல்யாணமாகி மாடி அறைக்குப் போனபோது அங்கேயும் ஒன்று மாட்டிக் கொடுத்தேன்.

எங்கள் வீட்டில் ஃபியூஸ் அடிக்கடி போகும். எலக்ட்ரீஷியன் வீட்டிலேயே இந்த லட்சணமா என்று பக்கத்து வீட்டுக்காரர் கேலி செய்வார். நானும் சிரித்து வைப்பேன். எல்லாத் தடவையும் அது தானாகப் போனதில்லை, மேடம். அவன் பெரியவனாகி, பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்களோடு பேசிவிட்டு வந்து, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் தட்டை வைத்துவிட்டு எழுந்து போகிற நாட்கள் இருக்குமே, அந்த மாதிரி நாளில் நான் ஃபியூஸைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு சமையலறையில் நிற்பேன். நீல பல்பு அவன் அறையில் மட்டும்தான். கூடமும் நடையும் கும்மிருட்டாக இருக்கும். கொஞ்ச நேரத்தில், "அக்கா, எங்க இருக்க?" என்று குரல் வரும். நான் போய்க் கையைப் பிடித்துக்கொள்வேன். அதில் யாருக்கு என்ன நஷ்டம்? மெழுகுவத்திக்குக்கூடச் செலவில்லை.

எனக்கும் வரன்கள் வந்தன. நல்ல இடமாகவே ஒன்று வந்தது. தம்பியை விடுதியில் சேர்த்துவிடலாம் என்று அவர்கள் சொன்னார்கள். அவன் ராத்திரி இருட்டில் தூங்க மாட்டானே என்றேன். அதோடு அந்தப் பேச்சு நின்றது. இதை நான் தியாகம் என்று சொல்லிக்கொண்டதில்லை. ஊர்தான் சொன்னது. கேட்கக் காது குளிர்ச்சியாகத்தான் இருந்தது என்பதையும் ஒளிக்கவில்லை.

சுண்டு படகு கட்டும் பட்டறையில் வேலை கற்றுக்கொண்டான். யாரோ கழித்துப் போட்ட சின்னப் பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, பலகை பலகையாக மாற்றி அதை உயிர்ப்பித்தான். பெண்ணையும் அவனே பார்த்துக்கொண்டான். கணக்கு டீச்சர், அமைதியான பெண், என்னை அண்ணி என்று கூப்பிடுவாள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. வந்த புதிதில் ஒரு தடவை, "அண்ணி, அந்த நீல லைட்டை ராத்திரி அணைச்சிடலாமா? எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் சுண்டு குறுக்கே விழுந்து, "இருக்கட்டும், அது இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்றான். அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அதற்கப்புறம் அவள் கண்ணில் துணி கட்டிக்கொண்டு தூங்கப் பழகிக்கொண்டாள்.

விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் பெரிய பட்டறையில் சுண்டுவுக்கு மேஸ்திரி வேலை கிடைத்தது. வீடும் கொடுக்கிறார்கள். பள்ளிக்கூடமும் பக்கத்திலேயே. இதைச் சொல்ல அவன் பட்ட பாடு இருக்கிறதே, கடைக்கு வருவான், ஸ்க்ரூடிரைவரை எடுத்துச் சுழற்றுவான், வைத்துவிட்டுப் போய்விடுவான். கடைசியில் அவனாகவே உடைத்துச் சொன்னபோது, "நல்லதுதானேடா" என்றேன். சொல்லிவிட்டுக் காயில் கட்டிக்கொண்டிருந்தேன். சுற்று எத்தனை என்பது மறந்துபோய், முழுவதையும் பிரித்துத் திரும்பக் கட்ட வேண்டியதாயிற்று. நீங்களும் வந்துபோய் இருங்கள் அண்ணி என்று அவள் சொன்னாள். வந்துபோகிறவளாக நான் எப்போது ஆனேன் என்று எனக்குப் புரியவில்லை.

சாமான்கள் லாரியில் போவது, அவர்கள் இருவரும் படகில் போவது என்று ஏற்பாடு. பாய்மர உச்சி விளக்கு பழையது, ஒயரெல்லாம் உப்புக் காற்றில் கறுத்துப் பொடிந்து கிடந்தது. அந்த வேலை சுண்டுவுக்கே தெரியும். ஆனாலும் என்னிடம்தான் வந்தான். "நீயே போட்டுக் குடுக்கா. நீ போட்டா எனக்கு நிம்மதி."

பாய்மரத்தைக் கழற்றிக் கடைக்கு முன்னால் இரண்டு முக்காலிகள் மேல் படுக்க வைத்தோம். ஈயம் பூசிய கம்பியாகப் பார்த்து வாங்கினேன். ஒயர் உள்ளே அலைந்து இரவெல்லாம் டக் டக் என்று அடித்தால் படகில் படுக்கிறவனுக்குத் தூக்கம் போய்விடும். அதனால் முழத்துக்கு ஒரு பஞ்சுச் சுருள் கட்டி இழுத்தேன். உச்சியில் மூன்று நிற விளக்கு. இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் இருந்து பார்க்கிறவனுக்கு வெள்ளை. எந்த நிறம் தெரிகிறது என்பதை வைத்துத்தான் எதிரே வருகிறவன் நாம் எந்தப் பக்கம் போகிறோம் என்று கண்டுகொள்வான். ஒவ்வொரு பற்றவைப்பையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். அதில் நீங்கள் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாது.

பாய்மரம் அடியில் வந்து நிற்கிற இடத்தில், படகின் சின்ன அறைக்குள், ஒரு இணைப்பு வரும். அந்த இடத்தில் கம்பியின் இழைகளை ஒவ்வொன்றாக வெட்டினேன். ஒன்றை மட்டும் விட்டேன். அதன்மேல் ரப்பர் உறையைச் சூடு காட்டி அழகாக இறுக்கினேன். இந்தக் காலத்து விளக்குக்கு ஒரு இழையே போதும், ஜோராக எரியும். துறைக்குள் தண்ணீர் அசையாது. கரை கடலுக்குள் நீண்டிருக்கிற முனையைத் தாண்டியதும் அலை தூக்கும், மரம் ஆடும், அந்த இழை இற்றுவிடும். எவ்வளவு ஆட்டத்துக்கு அது தாங்கும் என்று கடையில் அதே மாதிரி துண்டுகளை ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். திசைகாட்டி விளக்கையும் அறை விளக்கையும் அதே இணைப்பிலிருந்துதான் எடுத்திருந்தேன். உச்சி விளக்கு மட்டும் அணைந்தால் அவனுக்குத் தெரியாமல் போய்விடலாம் இல்லையா? எல்லாம் சேர்ந்து அணைய வேண்டும். இதைத்தான் நீங்கள் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள்.

அவனுக்கு எந்தக் கெடுதலும் நான் நினைக்கவில்லை. இருட்டியதும் பயந்துபோய்த் திரும்பி வருவான், நான் துறையில் நிற்பேன், கையைப் பிடித்து ஏற்றுவேன், அவ்வளவுதான் என் திட்டம். ஒரு தடவை அப்படித் திரும்பிவிட்டால், இந்தக் கடல் நமக்கு வேண்டாம், இங்கேயே இருந்துவிடலாம் என்று அவன் வாயாலேயே சொல்லிவிடுவான் என்று நம்பினேன்.

மதியமே கிளம்ப இருந்தவனைத் தாமதப்படுத்தியது நான்தான். சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன், அப்புறம் பெட்டியில் ஒன்றை வைக்க மறந்தேன் என்று திரும்பக் கட்டைப் பிரித்தேன். படகில் இருந்த பெரிய டார்ச்சுக்கு பேட்டரி மாற்றித் தருகிறேன் என்று வாங்கி, கடை பெஞ்சின் மேலேயே வைத்துவிட்டேன். டார்ச் இருந்தால் அவன் திரும்ப மாட்டான். பொழுது சாயும் நேரத்தில்தான் கயிற்றை அவிழ்த்தான். அவிழ்ப்பதற்கு முன்னால் விளக்கைப் போட்டுக் காட்டினான். சிவப்பும் பச்சையும் பளிச்சென்று எரிந்தன. "பாரு, பாரு, எங்கக்கா போட்ட லைட்டு" என்று துறை முழுவதும் கேட்கிற மாதிரி கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். என் காலைத் தொட்டுவிட்டுப் படகில் குதித்தான்.

நான் துறையின் கோடியில், வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில் நின்றேன். வாட்ச்மேனைக் கழுகு என்று கூப்பிடுவார்கள், அப்படியொரு பார்வை. வெள்ளை விளக்கு சின்னதாகிக்கொண்டே போயிற்று. முனையை ஒட்டி அலையில் ஏறி இறங்கியது. அப்புறம் அணைந்தது. நான் கணக்குப் போட்ட இடத்தில்தான் அணைந்தது.

என் போன் அடித்தது. அவன்தான். நான் எடுக்கவில்லை. என் குரலைக் கேட்டால் அவனுக்குத் தைரியம் வந்துவிடும். பயம் முழுசாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அடித்து ஓய்ந்தது.

அந்த நேரத்தில் மண் ஏற்றிய பார்ஜ் ஒன்று, தட்டையான பெரிய சரக்குப் படகு, துறையை நோக்கி வந்துகொண்டிருந்தது. கழுகு அறையிலிருந்து தலையை நீட்டினார்.

"அக்கா, முனைகிட்ட ஒரு படகு லைட்டு இல்லாம நிக்கற மாதிரி தெரியுது. நம்ம சுண்டுவா? பார்ஜ்காரங்கிட்ட சொல்லிடட்டுமா?" வாக்கி டாக்கி அவர் கையிலேயே இருந்தது.

"சுண்டு எப்பவோ தாண்டிப் போயிட்டான். அது யாராவது மீன் பிடிக்கறவங்களா இருக்கும்" என்றேன். "நான் போட்ட லைட்டு அணையுமாண்ணே?"

"அதானே" என்று சிரித்துவிட்டு வாக்கி டாக்கியை மேஜைமேல் வைத்தார். எங்கள் பக்கத்து மீன்பிடிப் படகுகள் விளக்கு இல்லாமல்தான் திரியும். பார்ஜைக் கண்டால் தாமாகவே ஒதுங்கிக்கொள்ளும், யாரும் யாருக்கும் சொல்வதில்லை. அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். தயவுசெய்து திருப்பிச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் என் பேச்சை நம்பவில்லை, என் வேலையை நம்பினார். பார்ஜ் ஓட்டியவர் மேலும் குற்றம் இல்லை.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீங்கள் கேட்பீர்கள். பார்ஜ்காரனிடம் சொல்லியிருந்தால் அவன் நிறுத்துவான், நாலு பேர் படகில் போவார்கள், விளக்கு ஒன்றைக் கையில் கொடுத்து, போய்ட்டு வா தம்பி என்று அனுப்பிவிடுவார்கள். வேறு யாரோ கொடுத்த வெளிச்சத்தில் அவன் அந்தக் கரை போய்ச் சேர்வான். அப்படியானால் நான் எதற்கு?

காத்திருந்தேன். பாய் இந்தப் பக்கம் திரும்புகிறதா என்று பார்த்தேன். திரும்பவில்லை. அப்புறம், அணைந்த இடத்தில் விளக்கு ஒரு தரம் மினுக்கென்று எரிந்தது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது, மேடம். நடந்ததைத்தானே எழுதச் சொன்னீர்கள். சரிசெய்துவிட்டானா என்று கோபம்கூட வந்தது. பார்ஜின் ஹார்ன் கேட்டது. விளக்கு மறுபடி எரியவில்லை.

பார்ஜ் மோதியதில் தண்ணீரில் விழுந்த தம்பி மனைவியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சுண்டு கிடைக்கவில்லை. இன்னும் கிடைக்கவில்லை. படகின் பின்பாதியும் பாய்மரமும்தான் கிடைத்தன.

பல நாள் அவள் வாயே திறக்கவில்லை. அறிக்கையின் நகல் வந்த அன்று, சமையலறையில் என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, லைட்டு எல்லாம் அணைஞ்சதும் நான் பயந்துட்டேன். திரும்பிடலாம்னு சொன்னேன். அவர் போன் வெளிச்சத்துல அந்த ஒயர் மேல இருந்த உறையை அறுத்துப் பாத்தார். அப்புறம் சிரிச்சார். 'அக்கா ஃபியூஸை எடுத்துட்டா'ன்னார். ஃபியூஸ் நல்லாத்தானே இருந்துச்சு, ஏன் அப்படிச் சொன்னார்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல."

நான் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

"திரும்பினா ஏன்னு அக்காகிட்ட கேக்கணும், கேட்டா அவ என்னத்தைச் சொல்லுவா பாவம், அப்படின்னார். அந்தப் பக்கம் போய் சரி பண்ணிக்கறேன், அக்காவுக்குத் தெரிய வேண்டாம்னார். உங்களுக்கு போன் பண்ணினது அதுக்குத்தான் அண்ணி. லைட்டு சூப்பரா எரியுதுக்கான்னு சொல்றதுக்கு. நீங்க எடுக்கல. சரி, இப்பவே முறுக்கி விடறேன்னு உள்ள போனார். காத்து செத்துப்போய் படகு நகரவே இல்ல. நான் என் போனைத் தூக்கி ஆட்டினேன், கத்தினேன். அவர் உள்ள ஒயரைப் பல்லால கடிச்சு உரிச்சிட்டு இருந்தார்."

கிடைத்த பாய்மரத்தின் அடியில் நீங்கள் பார்த்த அந்த ஒயர் முறுக்கு என்னுடையது அல்ல, மேடம். அவன் போட்டது. கையில் கருவி இல்லாமல், ஆடுகிற படகில், குனிந்துகொண்டு போட்ட முறுக்கு. அதில் இருப்பது அவசரம். கவனக்குறைவு அவனிடமும் கிடையாது. அந்த வரியை எங்கள் இருவர் பெயரிலிருந்தும் எடுத்துவிடுங்கள்.

அவள் இன்னொன்றும் சொன்னாள். "அவருக்கு இருட்டுன்னா பயமே கிடையாது அண்ணி. பள்ளிக்கூட நாள்லயே போயிடுச்சாம். 'அக்கா சமையக்கட்டுல இருட்டுல நிப்பா. நான் கூப்பிடலைன்னா எவ்வளவு நேரம்தான் நிப்பா, பாவம்'னு சொல்லிச் சிரிப்பார். அந்த நீல லைட்டுகூட உங்களுக்காகத்தான் வெச்சிருந்தார். அவருக்கும் அதுல தூக்கம் வராது. தலையணையை முகத்து மேல போட்டுக்கிட்டுத்தான் படுப்பார்."

அவள் பொய் சொல்கிறவள் இல்லை. துக்கத்தில் இருக்கிறவள், மனதில் தோன்றியதைச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு என்னால் சாப்பிட முடியவில்லை. கடைக்குப் போய் பெஞ்சின்மேல் இருந்த டார்ச்சைப் பார்த்தேன், பேட்டரி போட்டேன், எரிந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். ஷட்டரை இறக்கிவிட்டுத்தான் அழுதேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், அவள் அவனோடு இருந்தது சில வருடம். அலறிக்கொண்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்ட பிள்ளையை அவள் பார்த்தவளா?

ஆகவே, இழைகளை வெட்டியது நான். டார்ச்சை எடுத்து வைத்தது நான். போனை எடுக்காதது, வாட்ச்மேனிடம் பொய் சொன்னது, எல்லாம் நான். எல்லாவற்றையும் யோசித்து, நிதானமாகச் செய்தேன். இதன் கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

என்னை எத்தனை நாள் இங்கே வைத்திருப்பீர்கள் என்று தெரியாது. ஒரு உதவி மட்டும் கேட்கிறேன். துறையின் கோடியில், கடைசிக் கம்பத்தில் நீல பல்பு ஒன்று மாட்டியிருக்கிறேன். அதை யாரும் அணைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அடியில் பெட்டிக்குள் பேட்டரி இருக்கிறது, கொஞ்ச நாள் தாங்கும். மாற்றுகிறவர் கறுப்பு ஒயரை முதலில் கழற்ற வேண்டும், சிவப்பை அல்ல. ஒரு நிமிடம்கூட அணையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், மேடம். சுண்டுவுக்கு இருட்டென்றால் பயம்.